டொமிட்டிலாவின் முதல் மடக்கு

எங்கள் பக்கத்தில் சோளக்கள் காய்ச்சி விற்கிறவள் முதலில் தான் குடிக்க வேண்டும். சுரைக்குடுக்கையில் மொண்டு, வந்தவன் கண்ணெதிரே ஒரு மடக்கு விழுங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் அவன் கையில் கொடுக்க வேண்டும். இதில் நான் எதையும் கலக்கவில்லை, கலந்திருந்தால் முதலில் சாகப்போவது நான்தான் என்று அதற்கு அர்த்தம். பெற்ற மகன் வந்தாலும் சரி, பூசை முடித்துவிட்டுப் பாதிரியார் வந்தாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. டொமிட்டிலாவைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த ஒரு மடக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளைத் தூக்கிவிட்டதும் அதுதான், கெடுத்ததும் அதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் அவளுக்கும் ஆகாது. சந்தைக்குப் போகும் பாதையில் அவள் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தாள், நான் எதிரே மாமரத்தடியில். அவளுடைய பானை காலியான பிறகுதான் என் பானைக்கு ஆள் வரும். வந்தவனும் சும்மா குடித்துவிட்டுப் போக மாட்டான், "அங்க தீந்துபோச்சு, அதான் இங்க வந்தேன்" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்வான். அப்படிச் சொன்னவர்களுக்கு நான் அடிமண்டியைத்தான் ஊற்றினேன்.

அவள் கெட்டிக்காரி என்பதை நான் மறுத்ததில்லை. சோளம் கைக்கு வந்தால் முதல் வேலையாக முன்பல்லால் கடிப்பாள். சத்தம் கேட்டால் கெட்டி மணி, பல்லில் மாவு ஒட்டினால் இளகின மணி. கடித்துக் கடித்தே முன்பல் ஒன்றில் மூலை உடைந்துபோயிருந்தது. பிறகு தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளி எறிவாள். ஊறவைத்து, ஈரச் சாக்கு மூடி முளைக்கவிட்டு, வேர் நீண்டதும் ஒரு முளையை மென்று எவ்வளவு தித்திக்கிறது என்று பார்ப்பாள். அவள் புருஷன் தெற்கே கொக்கோத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. அவனுக்குப் பதிலாக ஒரு மூட்டை சிவப்புச் சோளத்தைக் கட்டிக்கொண்டிருக்கலாம், முளைக்கவாவது செய்திருக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வருஷம் ஆராய்ச்சிப் பண்ணைக்காரர்கள் வண்டியில் வந்து இரண்டு புது விதை கொடுத்தார்கள். ஒன்று பெரிய வெள்ளைச் சோளம், இன்னொன்று சின்ன மஞ்சள். எங்கள் பழைய சிவப்போடு சேர்த்து விதைத்து, எது அதிகம் விளைகிறது, எது கள்ளுக்கு நன்றாக முளைக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். கள் காய்ச்சும் பெண்களெல்லாம் கூடி அந்தப் பொறுப்பை டொமிட்டிலாவிடம் கொடுத்தோம். அவள் மூன்றையும் ஒரே நாளில் தனித்தனியாக ஊறவைத்து, ஒரே வெயிலில் காயவைத்து, ஒரே அடுப்பில் காய்ச்சினாள். சிவப்பு எப்போதும்போல நன்றாக வந்தது. மஞ்சளில் காய்ச்சிய கள் வெளிறியிருந்தாலும் நுரை நின்றது, தித்திப்பும் இருந்தது. நான் அந்த மஞ்சளுக்காக வாதாடினேன். பூனை மூத்திரம் மாதிரி இருக்கிறது, இதை யார் குடிப்பார்கள் என்று அவள் கேட்டாள். கூட்டமே சிரித்தது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் இரண்டு குடுக்கைகளை உடைத்தேன், ஆனாலும் மஞ்சளை விதைப்பதை விடவில்லை.

வெள்ளைச் சோளத்தின் கதை வேறு. கதிர் ஒவ்வொன்றும் கையை நிறைத்தது. விளைச்சலில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. களி கிண்டினால் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் முளைக்கப் போட்டால் வேர்தான் நீண்டதே தவிர தித்திப்பு ஏறவில்லை. கள் தண்ணீராக வந்து, சாயங்காலத்துக்குள் புளித்தது. அதைவிட மோசம் வண்டு. தோல் துவர்க்கிற சிவப்பை வண்டு வேறு வழியில்லாமல்தான் தொடும். இந்த இளகின வெள்ளை அதற்குக் கல்யாணச் சாப்பாடு. டொமிட்டிலாவின் கூடையில் கிடந்த வெள்ளைச் சோளம் புழுதிக்காற்று ஓய்வதற்குள் பாதி மாவாகிவிட்டது. பண்ணைக்காரரும் அதையேதான் சொன்னார். இது சாப்பாட்டுக்கு, கள்ளுக்கு இல்லை, விளைந்ததும் தின்று தீர்த்துவிடுங்கள், சேர்த்து வைக்காதீர்கள் என்றார்.

ஸியெம் அந்தப் பேச்சில் விளைச்சலை மட்டும் கேட்டான். அவன் தெங்கானின் தம்பி. தெங்கான் அந்த வீட்டுக்குப் பெரியவர், குறைவாகப் பேசுகிற மனுஷர். ஸியெம் அதற்கு நேர் எதிர். ஆற்றுக்கு அக்கரையில் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்துவிட்டு வந்தவன், உலகத்தையே பார்த்துவிட்டவன் மாதிரி பேசுவான். அடுத்த மழைக்குத் தன் காடு முழுக்க வெள்ளையையே விதைத்தான். வண்டுக்கு என்ன செய்வாய் என்று டொமிட்டிலா தன் பெஞ்சில் வைத்தே அவனிடம் கேட்டாள். நான் எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வண்டு வராம பாத்துக்கிற வித்த எனக்குத் தெரியும். நீ உன் பானையப் பாரு" என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே அவனுக்கு மொண்டு கொடுத்தாள். அவனும் சிரித்தான். நல்ல பல்வரிசை அவனுக்கு.

அந்த வருஷம் மழை பாதியில் நின்றுவிட்டது. எல்லோர் சோளக் குதிரும் அரைக்குதிர்தான். ஸியெமின் குதிர் மட்டும் நிறைந்தது. புதுக் குதிர் திறந்து கிண்டுகிற முதல் களி குதிருக்கு உடையவனுக்கு மட்டும்தான். பெண்டாட்டி பிள்ளைகள் மறுநாளிலிருந்து சாப்பிடலாம். அவன் மனைவி ஆந்துவோ களி கிண்டி, வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள். அவன் சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் வேர்த்தது, வாயில் எச்சில் ஒழுகியது, கை கால் வெட்டி இழுத்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

பெண்டாட்டி கையால் சாப்பிட்டுச் செத்தான் என்று ஊர் சொன்னது. சொல்வதற்குத் தோதாக எல்லாம் இருந்தது. ஆந்துவோ வெளியூர்க்காரி, வாய்த்துடுக்கு உள்ளவள். ஸியெம் இரண்டாவதாக ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்காக அவள் அகப்பையோடு முற்றத்தில் நின்று சண்டை போட்டதை எல்லோரும் கேட்டிருந்தோம். தெங்கான் மட்டும் அவசரப்படவில்லை. சாவுக்குக் காய்ச்சுகிற கள் சொல்லும், அதுவரைக்கும் அவளை யாரும் தொடக் கூடாது என்றுவிட்டார்.

எங்களில் செத்தவன் உடனே போய்விடுவதில்லை. அவன் கையால் விதைத்து, அவன் குதிரில் இருக்கிற சோளத்தை எடுத்துக் கள் காய்ச்சி எல்லோரும் குடித்த பிறகுதான் முன்னோர்களோடு போய்ச் சேருவான். அதுவரை வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பான். கொலைச்சாவு என்று சந்தேகம் வந்தால் அந்தக் கள்தான் சாட்சி. நுரைத்து எழாவிட்டால் செத்தவன் மறுக்கிறான் என்று அர்த்தம். சந்தேகப்பட்டவள் அதைக் குடித்து விழுந்தால் அவள்தான் கொன்றவள். அப்படி ஆனால் ஆந்துவோ உடுத்தின துணியோடு தன் அப்பன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிள்ளைகள் மூன்றும் ஸியெமின் வீட்டுக்குச் சொந்தம், அவள் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள். சின்னவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

சாவுக்கள் காய்ச்சுகிற கோடை வரும்வரை குதிரின் வாயை மண்ணால் பூசி அடைத்தார்கள். ஆந்துவோவின் கழுத்தில் கைம்பெண் கயிறு கட்டினார்கள். அவள் வாய் அதோடு அடங்கிப்போயிற்று. கிணற்றடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். வெயில் ஏற ஏற ஊரில் சாப்பாடு குறைந்தது. பிள்ளைகள் பொறுக்கின பழத்தையும் இலைக்கஞ்சியையும் வைத்துக்கொண்டு அடைத்த குதிரின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சோளம் நிறைய இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டைக் கடக்க வேண்டுமே என்று நான் சுற்றுவழியில் போனேன்.

சாவுக்கள் காய்ச்ச டொமிட்டிலாவைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் காய்ச்சியிருப்பேன், எல்லோரும் குடித்திருப்போம்.

இனி சொல்வதை அவள் பிறகு என்னிடம் சொன்னாள். மண்பூச்சை உடைத்து, மூன்று கூடை வெள்ளைச் சோளத்தை அவள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். செத்தவன் சோளம் முளைக்கும்போது காய்ச்சுகிறவளைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்பதால் உடனே போய்விட்டார்கள். அவள் கையைக் கூடைக்குள் விட்டாள். அந்த மாதத்தில் வெள்ளைச் சோளம் கையில் மாவாக அப்ப வேண்டும், வண்டு முழங்கை வரைக்கும் ஏற வேண்டும். இதுவோ மணி மணியாக, நேற்று அறுத்தது மாதிரி இருந்தது. பல்லால் கடிக்கப் போனவள் கையை இறக்கினாள். முகர்ந்து பார்த்தாள். அடியில் லேசாக ஒரு எண்ணெய் வாடை இருந்தது.

தன்னுடைய பழைய கூடையிலிருந்து உயிரோடு இருந்த வண்டுகளைப் பிடித்து ஒரு குடுக்கையில் போட்டு, அதற்குள் ஸியெமின் சோளம் ஒரு பிடி போட்டு மூடிவைத்தாள். விடிந்து திறந்தபோது ஒரு வண்டுகூட அசையவில்லை, எல்லாம் மல்லாந்து கிடந்தன. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குதிருக்குள் வைத்திருக்கிறான். ஸியெமின் வித்தை என்னவென்று அவளுக்கு அப்போது புரிந்தது. அந்த முதல் களியைத்தான் அவன் தின்றிருக்கிறான்.

நேரே தெங்கானிடம் போயிருக்கலாமே என்று நான் கேட்டேன். "போயி என்னன்னு சொல்ல? குதிருக்குள்ள விஷம்னு சொன்னா, அதையும் அவதான் வெச்சான்னு சொல்லுவாங்க. அவளுக்கு அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்றாள். அதுவும் சரிதான். அந்தச் சமயத்தில் ஆந்துவோ தும்மினால்கூட ஊர் அதில் அர்த்தம் பார்த்தது. இந்தச் சோளத்தில் காய்ச்சினால் குடிக்கிறவர்கள் சாவார்கள், முதலில் டொமிட்டிலா, அடுத்தது ஆந்துவோ. காய்ச்ச மாட்டேன் என்றால் செத்தவனை மறுத்தது மாதிரி, பழி அப்போதும் ஆந்துவோ தலையில்தான். தன்னிடம் இருக்கிற சிவப்பில் காய்ச்சலாம் என்றால் கள் செம்மண் நிறத்தில் வரும், வெள்ளைச் சோளத்தில் வந்தது என்று ஒரு குழந்தைகூட நம்பாது.

அதனால் என்னிடம் வந்தாள். நான் அப்போது கள்ளை வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

"யூஃப்ராசியா, அந்த மஞ்சள் முளச்சோளம் உன்கிட்ட இருக்குல்ல?"

"எது, பூனை மூத்திரமா?" என்றேன்.

"அதேதான். இருக்கிறதப் பூரா குடு. எதுக்குன்னு கேக்காத."

அவள் சிரிக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் அந்த வருஷத்தில் கிடைக்கவில்லை. அவள் என் வாசலுக்கு வந்து, நான் பிடித்த சோளத்தைக் கேட்டு நிற்கிறாள். காய்ந்து பதமாக இருந்த முளைச்சோளம் முழுவதையும் அவள் தலையில் ஏற்றி அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஸியெமின் கூடைகளை அவள் பானைக்கு மண்ணெடுத்த பழைய குழியில் கொட்டி மூடினாள். அந்தக் குடுக்கையில் இருந்த ஒரு பிடியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

அவள் போட்ட கணக்கு இது. கள் நுரைக்கும், ஆந்துவோ பிழைப்பாள், கயிறு அவிழும். குதிர்ச் சோளத்தைப் பங்கு போடுவது அடுத்த சந்தை கழிந்த பிறகுதான், அதுதான் வழக்கம். அதற்குள் தெங்கானைத் தனியாகப் பிடித்து எப்படியாவது சொல்லிவிடலாம். பழி நீங்கின பிறகு சொன்னால் ஆந்துவோ மேல் திரும்பாது. நல்ல கணக்குதான். பசியை மட்டும் அவள் அதில் சேர்க்கவில்லை.

சாவுக்கள் அன்று ஸியெமின் முற்றத்தில் நிற்க இடமில்லை. பானைகளின் வாயில் வெள்ளை நுரை எழும்பி நின்றது. அதைப் பார்த்தவுடனேயே, நுரைக்காத வெள்ளைச் சோளத்தையே செத்தவன் நுரைக்க வைத்திருக்கிறான் என்று பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. டொமிட்டிலா குடுக்கையில் மொண்டு, எல்லோர் கண்ணெதிரே ஒரு மடக்கு விழுங்கினாள். நானும் பார்த்தேன், தொண்டை இறங்கி ஏறியது. தெங்கான் வாங்கி முதலில் மண்ணுக்கு ஊற்றினார், பிறகு தான் குடித்தார். அதற்கடுத்து ஆந்துவோ.

அவளுக்கு எதுவும் தெரியாது. தான் செய்யாத கொலைக்குத் தன் வயிறு சாட்சி சொல்லப்போகிறது என்று மட்டும்தான் தெரியும். செத்தவனுக்குத் தன் மேல் கோபம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருப்பாள். அந்த அகப்பைச் சண்டை நினைவுக்கு வந்திருக்கும். குடுக்கை பல்லில் இடித்துக் கடகடவென்று சத்தம் கேட்டது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வெயிலில் நின்றாள். நாங்களும் நின்றோம். சின்னவள் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள், யாரும் தூக்கவில்லை. நிழல் நகர்ந்து அவள் மேல் விழுந்தது, அப்போதும் நின்றாள். தெங்கான் எழுந்து போய் அவள் கழுத்துக் கயிற்றைத் தானே அறுத்தார்.

"ஸியெம் ஏத்துக்கிட்டான்" என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆந்துவோ அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். டொமிட்டிலா அடுப்போடு அடுப்பாகக் கிடந்தவள், கண் சொருகிப்போய் வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாள். நான் இருந்து குடித்தேன். என் சோளம் என்று தெரிந்து குடித்ததால் இரண்டு குடுக்கை கூடவே குடித்தேன். அவளை எழுப்பி நாலு வார்த்தை கேட்காமல் போவதா என்று தள்ளாடிக்கொண்டே அவள் வீட்டுக்குப் போனேன்.

"பூனை மூத்திரம் எப்படி இருந்துச்சு?" என்று வாசலில் நின்று கேட்டேன். அவள் பாயில் புரண்டு படுத்தாள். நான் விடுவேனா. பேச வேண்டுமென்றே பேசிக்கொண்டு போனேன். தெங்கான் மனசு இளகிவிட்டார், பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது சந்தை நாள் எதற்கு என்று ஏணி வைக்கச் சொல்லிவிட்டார், ஆந்துவோவே குதிரில் ஏறி அள்ளிக்கொண்டு வந்து இடித்துக் களி கிண்டுகிறாள் என்றேன்.

பேசி முடிக்கவில்லை, அவள் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அந்த வயசில் ஒரு பெண் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. போதை இறங்கி நானும் பின்னால் ஓடினேன். எதற்கு ஓடுகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நல்லதற்கு இல்லை என்று தெரிந்தது.

முற்றத்தில் பிள்ளைகள் கை கழுவிவிட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆந்துவோவின் மூன்றும், தெங்கானின் பேரப்பிள்ளைகளும். ஆந்துவோ முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அவள் நடுவில் இறக்கி வைத்த சட்டியை டொமிட்டிலா காலால் உதைத்தாள். களி புழுதியில் உருண்டது. சின்னவள் கையில் ஏற்கெனவே ஒரு உருண்டை இருந்தது, கொஞ்சம் வாய்க்குள் போயிருந்தது. டொமிட்டிலா அவளைக் கவிழ்த்துப் பிடித்து, விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டி எடுத்தாள். குழந்தை வாந்தியெடுத்து வீறிட்டது. அப்போதும் அவள் விரலை எடுக்கவில்லை.

செத்த வீட்டுச் சோற்றை உதைப்பது எங்களில் என்ன குற்றம் என்று சொல்லத் தேவையில்லை. இளவட்டங்கள் எழுந்துவிட்டார்கள். தெங்கான் கையைக் காட்டி அவர்களை உட்காரவைத்தார்.

"என்ன பண்ற நீ?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"இந்தச் சோளத்தத் தின்னுதான் ஸியெம் செத்தான். வெள்ளச் சோளத்துல இந்த மாசத்துல ஒரு வண்டுகூட இல்ல, பாருங்க அண்ணே. பருத்தி மருந்து வெச்சிருக்கான்."

"காலையில இதே சோளத்துக் கள்ளத்தானே நீ மொதல்ல குடிச்ச?"

நான் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"நான் குடிச்சது இந்தச் சோளம் இல்ல" என்றாள்.

"எவ சோளம்?"

"என்னோடதுதான்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அன்றைக்கு அவள் என் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் இருந்திருக்காது.

குதிரில் இருந்ததை அடிவரை அள்ளிக் காலி செய்தார்கள். அடியில் ஒரு புட்டி, மூடி திறந்தபடி, துணியில் சுற்றிக் கிடந்தது. அந்தத் துணி ஸியெமின் பருத்திக்காட்டுச் சட்டையின் கை. தோளில் ஆந்துவோ போட்ட ஒட்டு அதில் அப்படியே இருந்தது. அவளுக்குத் தெரியாமல் அவனே கிழித்து எடுத்திருக்கிறான், அவள் அந்தச் சட்டையை வீடு வீடாகக் கேட்டுத் தேடியது எல்லோருக்கும் தெரியும். ஆந்துவோவை அதன்பிறகு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னவள் அன்று முழுக்கத் துவண்டு கிடந்து பிறகு தேறினாள். சோளத்தை ஊருக்கு வெளியே ஆழமாகப் புதைத்தார்கள்.

ஆனால் ஸியெம் போகவில்லை. போக முடியாது. குடித்தது அவன் சோளம் இல்லை. அவன் சோளமோ குடிக்கக்கூடியதாக உலகத்தில் எங்கும் மிச்சம் இல்லை. ஆந்துவோவின் கழுத்தில் திரும்பவும் கயிறு ஏறியது, அவளே எடுத்துக் கட்டிக்கொண்டாள். காலியான குதிருக்குள் யாரோ துழாவுகிற சத்தம் கேட்கிறது என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். எலி என்றேன் நான். எலிக்கு அங்கே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

டொமிட்டிலாவுக்கு ஊர் நன்றி சொல்லாமல் இல்லை. தெங்கான் வீட்டுப் பெண்கள் கினிக்கோழி கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். சோளம் வாங்கப் போகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடித்துப் பார்க்கச் சொல்வார்கள். அவள் சொன்னதை வாங்குவார்கள். அவள் பெஞ்சில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. அவள் பானையைக் கொண்டுவந்து வைப்பாள், முதல் மடக்கைக் குடிப்பாள், நீட்டுவாள், வாங்க ஆள் இருக்காது. என் பெஞ்சுக்கு வந்த ஒருவன் சொன்னான், "புள்ளைங்கள காப்பாத்தினா, யாரு இல்லன்னா? ஆனா எங்க கண்ணு முன்னாடி விழுங்கிக் காட்டினாளே, அது பொய்தானே?" அவனை நான் திட்டி அனுப்பினேன். அடுத்த சந்தைக்கும் அவன் என்னிடம்தான் வந்தான்.

மழை வந்ததும் அவள் அந்தக் குடுக்கையை எடுத்தாள். செத்த வண்டுகளை ஊதிவிட்டு, அந்த ஒரு பிடி வெள்ளைச் சோளத்தைத் தெங்கானின் கண் முன்னாலேயே ஸியெமின் காட்டு மூலையில் விதைத்தாள். ஸியெம் விதைத்த சோளத்தின் பிள்ளை அது, மண்ணும் மழையும் கழுவின பிள்ளை. விளைந்ததை வண்டு வருவதற்கு முன்பே அறுத்து, ஊறவைத்து, முளைக்கவிட்டு, இந்தத் தடவை முற்றத்திலேயே எல்லோரும் பார்க்கக் காய்ச்சினாள். என்னிடம் மஞ்சள் முளை தயாராக இருந்தது. கொஞ்சம் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

கள் எதிர்பார்த்தபடிதான் வந்தது. தண்ணீர் மாதிரி, நுரை ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு. நுரைக்காத சாவுக்கள் என்றால் செத்தவன் மறுக்கிறான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆந்துவோ பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நுரையே இல்லையே" என்றார் தெங்கான்.

"இது அவன் சோளம் அண்ணே. இது இப்படித்தான் இருக்கும். அவன்கிட்டயே சொன்னேன், கேக்கல."

ஒரு மடக்கு விழுங்கிவிட்டு நீட்டினாள். தெங்கான் கை நீட்டவில்லை. இன்னொன்று குடி என்றார். குடித்தாள். எட்டி வந்து அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒன்று என்றார். அதையும் குடித்தாள், முகம் கோணாமல். பிறகு அவர் வாங்கி மண்ணுக்கு ஊற்றி, தானும் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். புளிக்கிறது என்றார். போய் ஆந்துவோவின் கயிற்றை அறுத்தார். அந்தப் புளிப்பை நாங்கள் எல்லோரும் வரிசையாகக் குடித்தோம். அதன்பிறகு குதிருக்குள் சத்தம் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

டொமிட்டிலாவின் பெஞ்சு காலியாகவே இருந்தது. ஒரு நாள் அதைத் தூக்கி விறகாக்கிவிட்டாள். இப்போது முளைச்சோளம் தயாரித்து எங்களுக்குக் கொடுக்கிறாள், நாங்கள் காய்ச்சுகிறோம். சந்தை நாளில் என் மாமரத்தடிக்கு வருவாள். நான் மொண்டு, முதல் மடக்கைக் குடித்துவிட்டு அவளுக்கு நீட்டுவேன். குடுக்கை என் வாயில் இருக்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நான் உண்மையிலேயே விழுங்குகிறேனா என்று தொண்டையைத்தான் பார்க்கிறாள். முன்பெல்லாம் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இப்போது என் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.